லேமினேஷன் போட்ட அட்டை

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. துபாயில் ஓர் இந்தியப் பள்ளியின் க்ளினிக்கில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தேன். அந்த ஆறு வருடமும் காய்ச்சல் பார்த்ததைவிடக் காகிதம் பார்த்ததுதான் அதிகம்.

தடுப்பூசி அட்டையின் நகல் ஃபைலில் இல்லாத பிள்ளை வகுப்பில் உட்காரக் கூடாது. என் க்ளினிக் வாசல் பெஞ்சில் உட்கார வேண்டும். விதியைப் போட்டது நான் இல்லை. ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து வகுப்பிலிருந்து வெளியே கூட்டி வருவது நான். அதனால் வசவும் எனக்குத்தான்.

என் மகனுக்கும் அப்போது ஆறு வயது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். அடுத்தவர் பிள்ளைகளின் அட்டையை வரிவரியாகப் படித்துக் குறை கண்டுபிடித்த நான், அவன் அட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. நர்ஸிடம் யார் கேட்பார்கள்.

அந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி மூன்று நாளாக என் பெஞ்சில் இருந்தாள். ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். "சிஸ்டர், கேன் ஐ கோ டு க்ளாஸ் நௌ?" என்று அரை மணிக்கொரு முறை கேட்பாள். முடியாது என்பேன். கால்களை ஆட்டிக்கொண்டிருப்பாள். அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தலைவலி கொடுத்தது.

மறுநாள் காலை ஊசி போட அரசு டீம் வருவதாக இருந்தது. அவர்களோடு வரும் டாக்டர் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், ஊசி போடுவது நான். பட்டியலில் இவள் பெயருக்கு எதிரே மட்டும் கட்டம் காலி. சூப்பர்வைசர் காலையிலிருந்து இரண்டு தடவை ஃபோன் செய்துவிட்டாள். மூன்றாவது தடவை செய்வதற்குள் சிறுமியின் அப்பா வந்தார்.

அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். கராமாவில் இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட ஃப்ளாட். சட்டையில் அட்டைப்பெட்டித் தூசியோடு வந்து மேசையில் அதை வைத்தார். பளபளவென்று, கெட்டியாக, சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ப்ளாஸ்டிக் ஓரம் விட்டு லேமினேஷன் செய்த தடுப்பூசி அட்டை.

"இந்தாங்க சிஸ்டர். ஒரிஜினல்."

திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பிள்ளை பெயர், பிறந்த தேதி. பின்பக்கம் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லும் படம். அது மடிக்கிற அட்டை. ஊசித் தேதிகள் உள்ளே இருக்கும். மடித்தபடியே மூடி ஒட்டியிருந்தார்கள்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. முக்கியமான காகிதம் என்று யாராவது சொல்லிவிட்டால் நேரே லேமினேஷன் கடைக்கு ஓடுவார்கள். அதற்குப் பிறகு அதில் ஒரு சீல் வைக்க முடியாது, ஒரு தேதி எழுத முடியாது. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்பக்கத்தையே மூடி வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"உள்ள இருக்கிறதுதான் எனக்கு வேணும்," என்றேன்.

"எல்லாம் போட்டாச்சுங்க. பாப்பாவோட அம்மா ஊர்ல எதையும் விடல."

"எப்போ போட்டாங்க?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? நான் இங்க இருந்தேன்." பிறகு வாட்சைப் பார்த்தார். "இல்லாட்டி ஒண்ணு பண்ணுங்க. அட்டையே இல்லைன்னு எழுதிக்குங்க. நாளைக்கு எல்லாத்தையும் மறுபடி போட்டுருங்க. எங்க சைன் வைக்கணும்? எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

அதற்கும் படிவம் இருந்தது. அட்டை இல்லாதவர்களுக்குப் புதிதாகப் போடலாம், பெற்றோர் சம்மதம் போதும். பாதிப் பேர் அப்படித்தான் தப்பித்தார்கள். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

வாங்கவில்லை. பிள்ளை மேல் இருந்த அக்கறை என்று நினைக்க வேண்டாம். அட்டை இருந்தால் எல்லாப் பக்கமும் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று விதி. மேசை மேல் அட்டை கிடக்கும்போது இல்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். நான் வேறு எதற்கும் அதைச் செய்யவில்லை. பேண்டேஜ் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"சிஸ்டர், அது ஒரிஜினல்."

"ஒரிஜினல்தான். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

மூன்று ஓரத்தையும் வெட்டினேன். நான்காவது ஓரம் மடிப்பு. புத்தகம் மாதிரித் திறந்தது.

தேதிகள் வரிசையாக இருந்தன. ஒன்றரை வயதில் போட்ட முத்தடுப்பூசிக்கு எதிரே, கட்டத்துக்கு வெளியே, சிவப்பு மையில் கிராமத்து நர்ஸ் எழுதியிருந்தாள். 'காய்ச்சல், வலிப்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. இனி முத்தடுப்பூசி போட வேண்டாம். டாக்டரைக் கேட்கவும்.'

மறுநாள் நான் போட வேண்டிய ஊசிகளில் அதுவும் ஒன்று.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. "ஏங்க, பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"யாருக்கு?" என்றார்.

அட்டையை அவர் பக்கம் திருப்பினேன். வாசித்தார். கதவு வழியே பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். மொபைலை எடுத்து வீட்டிலிருந்த மனைவிக்கு அடித்து என்னிடம் நீட்டினார்.

நான் ஸ்கூல் நர்ஸ், அட்டையைத் திறந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண் முதலில் கேட்டது இதுதான்: "அவரு பக்கத்துல இருக்காரா சிஸ்டர்?"

"இருக்காரு."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அப்பதான் புதுசா வேலைக்குச் சேந்திருந்தாரு. சொன்னா லீவு குடுப்பாங்களா? இங்க உக்காந்து அழத்தான் முடியும். அவுக அம்மாவே சொல்லாதம்மான்னாங்க. மூணு நாள்ல சரியாயிருச்சு. அப்புறம் எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு இருந்துட்டேன்."

"அட்டைய ஒட்டினது?"

"விசாவுக்கு எல்லாப் பேப்பரையும் கடையில குடுத்தேன். மடிச்சபடியே போட்டுட்டான். பாத்தேன். சரி, அதுவும் நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

"நல்லதுக்கா? நாளைக்கு அதே ஊசியப் போட இருந்தேன்மா நான்."

"ஸ்கூல்ல ஊசி போடுறாங்கன்னே எனக்குத் தெரியாது சிஸ்டர். பேப்பரெல்லாம் அவருதான் பாப்பாரு."

அவர் பார்ப்பார், அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவள் பார்க்க மாட்டாள். நடுவில் என் ஊசி. அந்த வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து அறைய வேண்டும் போலிருந்தது. ஒழுங்காக வேலை செய்தது அந்தக் கிராமத்து நர்ஸ் ஒருத்திதான்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அணைத்துவிட்டார். பிள்ளைகளின் உயரத்துக்கு இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார், முழங்கால் நெஞ்சைத் தொட்டது.

"மூணு நாளும் நான் ஃபோன் பண்ணேன் சிஸ்டர். பாப்பா தூங்குதுன்னு சொன்னா. என்னடா எந்நேரமும் தூங்குதேன்னு கிண்டல் வேற பண்ணேன்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சம்மதப் படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன். உள்பக்கத்தை நகல் எடுத்தேன். பிள்ளையை வகுப்புக்குப் போகச் சொன்னேன், ஓடினாள். அவர் அவள் போன வழியைப் பார்த்துக்கொண்டே கிளம்பினார். வெட்டிய ப்ளாஸ்டிக் ஓரங்களையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டர் அந்தச் சிவப்பு மையைப் படித்துவிட்டு அந்த ஊசியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். சூப்பர்வைசர், இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலி என்று கேட்டாள். காலியாகத்தான் இருக்கும் என்றேன்.

அன்று பள்ளி விட்டதும் ரோட்டோர பூத்தில் நின்று தங்கைக்கு ஃபோன் செய்தேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை பேசுவேன், எல்லாரும் நல்லா இருக்கோம் என்பாள், வைத்துவிடுவேன். அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"ஏட்டி, அவன் ஊசி அட்டைய எடு."

"எதுக்குக்கா இப்பம்? எல்லாம் போட்டாச்சு."

"எடுத்து வாசி. முதல் வரியில இருந்து."

தேடுகிற சத்தம் கேட்டது. வாசிக்க ஆரம்பித்தாள். பெயர், தேதி, ஊசி, தேதி, ஊசி. பாதியில் நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. இங்க என்னமோ எழுதியிருக்கு. எழுத்து புரியல."

வெயில் பூத்துக் கண்ணாடி வழியே கழுத்தில் அடித்தது. என் பள்ளியின் பஸ்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின.

"வெளிச்சத்துக்குப் போய் வாசி," என்றேன். "நான் வைக்க மாட்டேன்."