ஊசி குத்தியது தெரியவில்லை

“அம்மா, ரத்தம்” என்று மீரா சொன்னபோது அவள் விரலைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்பது வயதுக் குழந்தை, ஊசி பிடிக்கத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவள் விரல் சுத்தமாக இருந்தது. துணிக்கு அடியில் இருந்த என் இடது ஆள்காட்டி விரலில்தான் ஊசி இறங்கியிருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

வலிக்கவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். விரலைக் கழுவிவிட்டு அந்தத் தையல் வரிசையை முடித்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

நாங்கள் இருப்பது வங்காளத்தில், பாலிகஞ்ச் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. என் கணவர் சுந்தருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலக வேலை. நான் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். மீராவின் பள்ளியில், கையால் ஓரம் தைத்த கைக்குட்டை ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தையற்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார் சுந்தர். தானே தைக்க வேண்டும் என்று மீரா பிடிவாதம் பிடித்தாள்.

சுந்தரின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துப் பழகினோம். மேலே ஒரு வரிசை நான் தைப்பேன். அதைப் பார்த்து, கீழே ஒரு வரிசை அவள் தைப்பாள். நோட்டில் எழுதும் பழக்கத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளிதான் நன்றாக வரும். ஊசி என்ற சொல்லையே இந்தத் தையலில்தான் என்னிடம் கற்றுக்கொண்டாள்.

இடது விரல்களின் மரப்பு விடாததால் போனபோது, எங்கள் பகுதி டாக்டர் என் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். நாள் முழுக்கக் கணினியில் தட்டுவதால் அங்கே நரம்பு நசுங்கியிருக்கலாம் என்றார். மணிக்கட்டுப் பட்டையும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார். இரண்டு வாரம் ஒழுங்காகப் பட்டை போட்டுக்கொண்டேன். அதற்குள் வலது கையும் மரத்தது. குளிக்கும்போது சோப்பு கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கைப்பைக்குள் கைவிட்டால் எது சாவி, எது பேனா என்று புரியவில்லை.

ஒருநாள் தைக்கக் குனிந்தபோது கழுத்திலிருந்து இடுப்புவரை மின்சாரம் ஓடியது. நிமிர்ந்தால் இல்லை. மறுபடி குனிந்தேன். மறுபடி ஓடியது.

குனிந்து குனிந்து தைத்துத்தான் கழுத்து கெட்டுவிட்டது என்றார் சுந்தர். கீழ் வீட்டு ஷிப்ரா மாஷியும் (மாஷி என்றால் சித்தி) அதையேதான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் தைப்பதை நிறுத்தினேன். இதையெல்லாம் மீரா கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நாங்கள் மூவருமே கவனிக்கவில்லை.

தையலை நிறுத்தியும் மின்சாரம் நிற்காததால் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். வங்காளியும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசுகிற பெண்மணி. அன்று பள்ளி விடுமுறை, மீராவும் வந்திருந்தாள். மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் விரல் நுனியை மேலும் கீழுமாக அசைத்து, இப்போது எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் தயங்காமல் பதில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மீரா சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது சுந்தரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், பெரும்பாலும் தப்பாகவே சொல்லியிருக்கிறேன் என்று.

எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஊசி குத்திய நாளைச் சொன்னேன். அதற்கு முன்பே கழுத்து வலிக்கிறது என்று நான் சொன்னதாக, சுந்தர் வேறொரு நாளைச் சொன்னார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கையில், காத்திருக்கும் நேரத்தில் தைக்கலாம் என்று கொண்டுவந்திருந்த துணியை மீரா மேசைமேல் வைத்தாள்.

மருத்துவர் அதை விளக்கடியில் விரித்தார். அம்மாவின் வரிசை எது என்று மீராவிடம் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். முதல் மூன்று வரிசைகளில் என் தையல் சிறியதாக, நேராக இருந்தது. நான்காவதில் நீண்டது. ஆறாவதில் கோணியது. ஏழாவதில் எது என்னுடையது, எது அவளுடையது என்று எனக்கே தெரியவில்லை. நான்காவது வரிசையின் தேதி, ஊசி குத்தியதற்கு ஒன்பது நாள் முந்தையது.

அந்தத் துணியை நான் தினமும் பார்த்தவள். மீராவின் தையல் என் தையலைப் போல ஆகிவருகிறது என்று சந்தோஷப்பட்டவள்.

இது மணிக்கட்டுக் கோளாறு இல்லை என்று சொல்லி, மருத்துவர் எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலுக்குள் எடுக்கும் படம்) எழுதிக் கொடுத்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. மூளையில் இரண்டு சிறிய புள்ளிகள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மயலினை (நரம்பைச் சுற்றியுள்ள உறை) தாக்கியிருக்கிறது என்றார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (இந்தத் தாக்குதல் திரும்பத் திரும்ப வரும் நோய்) என்ற பெயரைச் சொன்னார். அதுதானா என்று கேட்டேன். இருக்கலாம், இந்த ஒரு தடவையோடு நின்றும் போகலாம் என்றார். முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை சென்னையில் இருக்கும் அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன், மீரா பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது சுந்தரின் சட்டைப் பொத்தான் அறுந்தது. தைத்துக்கொள்ளலாம் என்று அவர் தேடியபோது ஊசிப் பொட்டலத்தைக் காணவில்லை. மீரா எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

“எங்கடி வச்சே?”

“குடுக்க மாட்டேன். உன் முதுகுல அந்த ஊசியைப் போடுவாங்க.”

அது வேறு ஊசி, இன்ஜெக்‌ஷன் என்று நான் சொன்னேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரா என்று நம்பாமல் கேட்டாள். பிறகு மெதுவாக, “நான் கர்ச்சீப் தைக்கணும்னு சொன்னதாலதானே உனக்கு இப்படி ஆச்சு?” என்றாள்.

இல்லை என்று உடனே சொன்னேன். ஆனால் எனக்கே நிச்சயம் இல்லை. குனிந்தபோதுதானே மின்சாரம் ஓடியது? அவள் கேள்வியை என் கேள்வியாக மருத்துவரிடம் கேட்டேன். ஏற்கெனவே வீங்கியிருந்த தண்டுவடம் குனியும்போது இழுபடுகிறது, அதனால் அப்படித் தெரிகிறது, குனிவதால் வீக்கம் வராது என்றார். அதை அப்படியே மீராவிடம் சொன்னேன்.

“அப்ப எதால வந்துச்சு?”

“தெரியலை.”

“டாக்டருக்குமா?”

“டாக்டருக்கும்தான்.”

இந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து நாள் ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். நாக்கில் இரும்புச் சுவை. தூக்கம் போனது, முகம் ஊதியது. வீட்டுக்கு வந்தபோது கைகளில் பெரிய மாற்றம் இல்லை. மாதங்கள் ஆகலாம், அவசரப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். தண்டுவட நீரில் எதிர்பார்த்த அடையாளம் எதுவும் இல்லை. அது நல்லதுதான், ஆனால் அதை வைத்தும் முடிவாக எதையும் சொல்ல முடியாது.

கைக்குட்டை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. ஊசியைத் தொடக் கூடாது என்று வீட்டில் எனக்கு உத்தரவு. மடியில் கைகளை வைத்துக்கொண்டு மீராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், வாயால் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று.

“நூல் நுனியில முடிச்சு எப்படிம்மா போட்டே?”

“விரலைச் சுத்தி உருட்டணும்.”

“எந்த விரல்?”

“ஆள்காட்டி. இல்ல, நடுவிரல்.”

அவள் இரண்டிலும் சுற்றினாள். இரண்டும் அவிழ்ந்தன. கட்டைவிரல் முன்னால் தள்ளுமா, பின்னால் இழுக்குமா? எத்தனையோ ஆண்டுகளாக நான் போட்ட முடிச்சு. அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அவற்றைக் கேட்டால் பதில் இல்லை. நான் மாற்றி மாற்றிச் சொல்ல, அவள் பொறுமையாகச் செய்து பார்த்தாள். கடைசியில் என் பேச்சை விட்டுவிட்டு, முடிச்சே இல்லாமல் ஒரே இடத்தில் மூன்று முறை குத்தி இழுத்துத் தொடங்கினாள். நூல் நின்றது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்று ஓரம் நேராகவும் ஒன்று கோணலாகவும் அந்தக் கைக்குட்டை பள்ளிக்குப் போனது.

நான்காம் மாதத்தில் வலது கை கிட்டத்தட்டத் திரும்பியது. இடது கை, எப்போதும் கையுறை போட்டதுபோல் இருக்கிறது. மறுபடி படம் எடுத்ததில் புதிய புள்ளி இல்லை. நீண்ட நாள் மருந்தை இப்போதே தொடங்கலாம், அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் கவனிக்கலாம், இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது என்றார் மருத்துவர். ஒரு வாரம் நானும் சுந்தரும் குழம்பினோம். காலையில் ஒரு முடிவு எடுப்போம், மாலையில் மாற்றுவோம். கடைசியில் தொடங்கினோம். உங்களுக்கு எது சரி என்று சொல்ல நான் ஆள் இல்லை. இனி தாக்குதல் வராவிட்டால், அது மருந்தால்தானா, எப்படியும் வந்திருக்காதா என்று என்னால் ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாது.

வெயில் காலம் வந்ததும் கைகள் மறுபடி மரத்தன. அலறியடித்துக்கொண்டு ஓடினேன். உடல் சூடேறினால் பழைய காயம் இப்படித் தலைகாட்டும் என்றார்கள். ஒரு நாள், அதாவது இருபத்துநான்கு மணி நேரம், விடாமல் நீடித்தால்தான் புதிய தாக்குதலாக இருக்கலாம், அப்போது கூப்பிடுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து என் நாட்கள் சூரியனோடு தொடங்குவதில்லை. விரல் மரக்கும் நேரத்தில் ஒரு நாள் தொடங்குகிறது. மரப்பு விட்டதும் அந்த நாள் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு கைகளும் வெவ்வேறு நேரத்தில் மரத்து, ஒரே சமயத்தில் இரண்டு நாட்களுக்குள் நான் இருந்ததுண்டு.

சென்ற வாரம் மீராவைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்தேன். மாலை நான்கு மணி, நல்ல வெயில். ஸ்டேஷன் பக்கம் சாலையைக் கடக்க நின்றோம். பஸ்ஸும் டாக்சியும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அவள் கையை நான் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன்.

“நான் பிடிச்சிருக்கேம்மா” என்றாள் மீரா. “நீ பஸ்ஸைப் பாரு.”

நான் பஸ்ஸைப் பார்த்தேன். இருவரும் கடந்தோம். அன்று காலை பத்து மணிக்கு விரல்கள் மரக்கத் தொடங்கியிருந்தன. ஒரு நாள் ஆக இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.