குளுக்கோஸ் பாட்டில் பிடிப்பவர்கள்

இந்த ஊரில் நோயாளிகள் எங்களுக்காகத் தயாராக இருக்கிறார்கள். வந்து மூன்று வருஷமாகியும் அதுதான் எனக்குப் பழகவில்லை. போன வாரம் நெஞ்சுவலி என்று அழைத்தவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸில் போனோம். எழுபது வயதிருக்கும். ஷூ மாட்டி, நாடா கட்டி, காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சிறிய பெட்டியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் நிஜமான மாரடைப்பு. ஸ்ட்ரெச்சரில் ஏற்றப்போகும்போது, ஒரு நிமிஷம் என்று கையைத் தூக்கினார். சமையலறையில் காகிதக் குப்பையும் பிளாஸ்டிக் குப்பையும் ஒன்றாகக் கிடக்கின்றனவாம். பிரித்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறாராம். எங்கள் டிரைவர் ஊவே அதை நியாயமான கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, தானே ஓடிப்போய்ப் பிரித்துவிட்டு வந்தார். நோயாளிக்கு நிம்மதி. பிறகு வண்டியில் அவரும் நானும் மட்டும். பின்னால் ஒரு பைக்கூட வரவில்லை. யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை. தெருவில் ஒரு ஜன்னல் திரை மட்டும் லேசாக அசைந்தது.

வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம் இது. கன்டெய்னர்களும் கிரேன்களும் இருப்பதால் முதல் நாள் ஏமாந்துபோனேன், ஏதோ ராயபுரத்தின் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல. லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் ஹாரன் இல்லை. மீன் வாடை வருகிறது. ஆனால் மீன்காரம்மா இல்லை. கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது, உறவெல்லாம் கிரேனோடு சரி.

நான் திருவொற்றியூர்க்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பன்னிரண்டு வருஷம் எங்கள் பகுதியில் ஆம்புலன்ஸ் டெக்னீஷியனாக இருந்தேன். அந்த வேலைக்குப் பெயர் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நோயாளிக்கு மூச்சு முட்டும்போது நான் 'டாக்டரே'. மூச்சு சீரானதும் 'கம்பவுண்டரு'. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் 'யோவ் ஆம்புலன்ஸு'. பெண் பார்க்கப் போன இடத்தில், "வண்டி ஓட்டுவீங்களா, டாக்டரா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் காபி ஆறிப்போய் வந்தது. எத்தனை உயிரைப் பிடித்து இழுத்தாலும் அடுத்த படி என்று ஒன்று அங்கே கிடையாது. சேர்ந்த அன்று என்னவாக இருந்தேனோ, பன்னிரண்டாவது வருஷமும் அதேதான். ஜெர்மனியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அரசாங்க முத்திரையோடு: நோட்ஃபால் சானிட்டேட்டர். அவசர மருத்துவ உதவியாளர் என்று அர்த்தம், முழ நீளப் பெயர். அந்தப் பெயருக்காகவே ஜெர்மன் படித்து, விமானம் ஏறினேன். இங்கே ஒரு தேர்வு வைப்பார்கள். தேறினால் முழு அங்கீகாரம். இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் கோட்டை விட்டால், பெயரும் இல்லை, விசாவும் இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் வாய்ப்பில் நான் கோட்டை விட்டதற்குக் காரணம் காலடிப்பேட்டை.

பல வருஷம் முன்னால் ஒரு மத்தியானம், எங்கள் பகுதியின் காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பெண்ணுக்கு வலிப்பு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் தன் வைத்தியத்தை ஆரம்பித்திருந்தது. முதலில் அந்தப் பெண்ணின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். நிற்கவில்லை. சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். அதற்கும் நிற்கவில்லை என்றதும் இரும்பு போதவில்லை என்று முடிவு செய்து, ஒரு லாரிக்காரர் வீல் ஸ்பேனரைக் கொண்டுவந்தார். நான் உள்ளே நுழையும்போது ஒருவர் கடை ஷட்டர் இறக்கும் நீளக் கம்பியோடு வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அண்ணன், நல்ல ஆகிருதி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாயா, இம்மா நேரம் ஊர்கோலம் வந்துகினு இருந்தியா? என் தங்கச்சிக்கு எதுனா ஆச்சு, வண்டிய கொளுத்திருவேன்!"

பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊசி ஏற்றி, வண்டிக்குள் கொண்டுபோகும்வரை அவன் விடவில்லை. வண்டிக்குள்ளும் ஏறிக்கொண்டான். ஒரு கையால் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் அவனைத் தள்ளியபடி நான் என்ன செய்ய முடியும்? ஆத்திரத்தில் பாட்டிலை அவன் கையில் திணித்தேன். "பிடி. கை இறங்குனா மருந்து ஏறாது."

அவன் வாயை மூடினான். ஆஸ்பத்திரி போகும்வரை மூடியேதான் இருந்தான். கை வலித்தபோது மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டான். சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது, "நல்லா புட்சேனா சார்?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. வண்டியில் பாட்டில் மாட்ட நல்ல உறுதியான கொக்கி இருந்தது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் அது சட்டமாகிவிட்டது. எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவன் கையில் பாட்டில். என் டிரைவர் டில்லி பாபு இதற்கு மேலும் மெருகேற்றினான். பாட்டில் ஒன்றுதானே இருக்கும், கத்துபவர்கள் நான்கு பேர் இருப்பார்களே. இரண்டாவது பெரிய தொண்டைக்கு அவன் கண்டுபிடித்த வேலை, கடிகாரம். "அண்ணாத்த, நிமிசத்துக்கொரு தபா டைம் சொல்லிக்கினே வா. வுட்டுட்டா பேஜாரா பூடும்." அந்த ஆள் எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி வரிசை முழுவதும் பக்தியோடு நேரம் சொல்லிக்கொண்டே வருவார். அந்த நேரத்தை நாங்கள் எதற்கும் பயன்படுத்தியதில்லை. மூன்றாமவரை லாரிகளை ஒதுக்கச் சொல்லி முன்னால் ஓடவிடுவோம். அவர் மட்டும் நிஜமாகவே பயன்பட்டார்.

இதெல்லாம் என் ரத்தத்தில் ஊறியிருந்ததை ஜெர்மன் தேர்வறையில்தான் கண்டுபிடித்தேன். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை, அதற்கு நெஞ்சுவலி. இரண்டு தேர்வாளர்கள், கையில் குறிப்பேடு. நோயாளியின் மனைவியாக நடிப்பவர் ஃபிராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர், தேர்வு நடத்தும் அலுவலகத்தின் எழுத்தர். தேர்வு நாட்களில் மட்டும் வீட்டு அங்கி போட்டு, தலைமுடியில் சுருள் கிளிப்புகள் மாட்டி, மனைவியாகிவிடுவார். நான் உள்ளே போனதும் அவர் கத்த ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, தண்டையார்பேட்டையில் பிறந்திருக்க வேண்டியவர்.

என் கை தானாக நீண்டது. பாட்டில் அவர் கைக்குப் போய்விட்டது. "உயரமாகப் பிடியுங்கள், இறக்காதீர்கள்." அவர் திகைத்து, நடிப்பை மறந்து, பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற தேர்வாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை நேரம் சொல்லும்படி அவரிடம் சொன்னேன். ஜெர்மானியர்களிடம் ஒரு நல்ல குணம், தெளிவாகச் சொன்னால் செய்துவிடுவார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல ஆரம்பித்தார். இன்னொரு தேர்வாளரை வெளியே நடைகூடத்தில் வழி ஏற்படுத்த அனுப்பினேன். அவர் போயே போய்விட்டார். அறையில் நானும் பொம்மையும் மிக நிம்மதியாக வேலை பார்த்தோம். ஏழாவது நிமிஷம் சொல்லும்போதுதான் கைக்கடிகாரக்காரருக்குத் தான் யார் என்பது நினைவு வந்தது.

அறிக்கையில் எழுதியிருந்தார்கள்: 'மருத்துவச் செயல்பாடுகள் சரி. ஆனால் தேர்வர் தேர்வாளர்களை வேலைக்கு அமர்த்திக்கொண்டார்.' பாட்டில் மாட்டத்தான் கொக்கி இருக்கிறதே என்று கேட்டார்கள். கொக்கிக்கு அந்த வேலை தேவைப்படவில்லை, அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது என்று விளக்கினேன். அந்த அம்மா நடிகை என்றார்கள். இங்கே உறவினர்களைக் கையாளத் தனி ஆள் வருவாராம், அழைத்தால். தேறவில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது வாய்ப்பு, அதாவது கடைசி வாய்ப்பு. கோடைக்காலக் காலை. ஒன்பது பத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நடைகூட நாற்காலியில் உட்கார்ந்து 'கொக்கி, கொக்கி' என்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஃபிராவ் லிண்ட்னர், அங்கியும் கிளிப்புகளுமாக, கத்தும் முறை வருவதற்காகக் காபி குடித்தபடி காத்திருந்தார். ஒன்பதுக்கு அம்மாவின் போன். அப்பா கூடத்தில் விழுந்துவிட்டார், கூப்பிட்டால் பேசவில்லை, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அம்மா அழுததில் மேற்கொண்டு எதுவும் விளங்கவில்லை. டில்லியை அழைத்தேன். என் வீட்டுக்கு வந்திருந்ததே அவன் வண்டிதான்.

நான் கத்தினேன். அந்த நடைகூடம் கட்டப்பட்ட நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. "டில்லி, பிபி பாரு! சுகர் பாரு! ஈசிஜி எடு! கைல சாவி குடுக்கப் போறாங்கடா, வுடாத! இன்னாடா பண்ணிக்கினு கீற, பதில் சொல்லுடா!"

"மாமு. மாமு, கேளு. அங்க கடியாரம் கீதா?"

"கீது."

"நிமிசத்துக்கொரு தபா டைம் சொல்லிக்கினே வா. வுட்டுட்டா பேஜாரா பூடும்."

சுவரில் வட்டமான பெரிய கடிகாரம். "ஒம்பது மூணு" என்றேன். "சரி மாமு" என்றான். பின்னால் புது டெக்னீஷியனின் குரலும் தெரு முழுவதும் பேசும் சத்தமும் கேட்டன. "ஒம்பது நாலு." "சரி மாமு." அங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டரை. ஒன்பது ஆறு சொல்லும்போதுதான் உறைத்தது. என் கையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டான். இந்த வித்தையைக் கண்டுபிடித்த எனக்கே. கோபம் வர வேண்டும். வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த நேரத்தால் அப்பாவுக்கு ஒரு பயனும் இல்லை என்று உலகத்தில் வேறு யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒரு நிமிஷம் விட்டுப்போனால் அப்பா போய்விடுவார் என்று நிஜமாகவே நம்பினேன். காலடிப்பேட்டை அண்ணனைப் பற்றி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், அதற்காக அன்று வெட்கப்பட்டேன்.

ஒன்பது பத்து. கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், மூன்றாவது வாய்ப்பு கிடையாது. காதிலிருந்து போனை எடுக்க முடியாமல் நின்றேன். ஃபிராவ் லிண்ட்னர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கையை நீட்டி, "நான் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?" என்றார்.

போனைக் கொடுத்தேன். நிமிஷத்துக்கு ஒருமுறை நேரம் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்றார். கதவு மூடும்போது ஜெர்மனில் கேட்டது: "நொய்ன் ஊர் எல்ஃப்." ஒன்பது பதினொன்று.

பொம்மைக்கு இந்த முறை மூச்சுத்திணறல். என் கைகள் அவை பாட்டுக்கு வேலை பார்த்தன. பாட்டிலைக் கொக்கியில் மாட்டினேன். தேர்வாளர்கள் கதவைப் பார்த்தார்கள், கத்த வேண்டிய மனைவி வரவில்லை. இரண்டு பேரும் எதையோ கிசுகிசுத்துக்கொண்டார்கள். ஒருவர் என்னைக் கேட்டார்: "உறவினர்களை என்ன செய்வீர்கள்?"

"வெளியே இருக்கிறார்கள்" என்றேன். "வேலையாக இருக்கிறார்கள்."

வெளியே வந்தபோது ஒன்பது முப்பத்திரண்டு. அதைச் சொல்லிக்கொண்டிருந்தவரே ஃபிராவ் லிண்ட்னர்தான். ஒரு நிமிஷம்கூட விடவில்லையாம். தேறிவிட்டேன் என்று பின்னாலிருந்து யாரோ கை குலுக்கினார்கள். நான் போனைப் பிடுங்கினேன். மறுமுனையில் டில்லியின் குரலே இல்லை. அப்பா பேசினார்.

"நைனா, ஒண்ணுமில்லடா. துன்றதுக்கு முன்னாடி சக்கர மாத்திரைய போட்டுட்டேன். சுகரு எறங்கிருச்சாம். குளுக்கோஸு ஏத்தி குந்த வெச்சிட்டானுங்கோ. கண்ண தொறந்து பாத்தா கைல பீரோ சாவி, காதாண்ட எவளோ ஒரு அம்மா இன்னாவோ சொல்லிக்கினே கீது. செத்துட்டேன்னே நெனச்சிக்கினேன். யாருடா அது?"

"டைம் சொன்னாங்கப்பா."

"எந்த ஊரு டைமு?"

"நம்ம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "இங்கத்த டைம்ப்பா. ஒம்பதர தாண்டிருச்சு."

"அய்ய, இங்க ஒண்ணே அடிச்சிருச்சே" என்றார் அப்பா. "உன் கடியாரம் மூண்ற மணி நேரம் ஸ்லோவா ஓடுது நைனா. ரிப்பேருக்குக் குடு."

சரிப்பா என்றேன். ஃபிராவ் லிண்ட்னர் இன்னும் கடிகாரத்துக்குக் கீழேயே நின்றார். போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் வந்ததும், இப்போது போன் இல்லாத அந்தக் கையைக் காதிலிருந்து இறக்காமலே, நேரத்தைச் சொன்னார்.