சல்மா கொண்டுவந்த பாயசம்

பிள்ளைகளே, எல்லா மதத்தாரும் சேர்ந்து சாப்பிடுவதாக, எங்கள் லாலாகுடா ரயில்வே குடியிருப்புச் சிறுவர்களுக்கு நானே ஒரு தமிழ் நாடகம் எழுதினேன். என் மகளின் தோழி சல்மா அதற்காகவே என்னிடம் தமிழ் கற்றாள்.

நாடகத்தன்று அவள் தூக்கு நிறையச் சேமியாப் பாயசம் கொண்டுவந்தாள். "அங்கிள், நிஜமாவே சாப்பிடலாம். எங்க அம்மி செஞ்சாங்க!"

"நக்கோ பேட்டா, வேணாம்மா, மேடையில காலிக் கிண்ணம் போதும்" என்றேன்.

"ஏன் டாடி?" என்றாள் மகள்.

"அவங்க வீட்டுச் சமையலை நாம சாப்பிடறதில்லடி" என்று கிசுகிசுத்தேன்.

அது சல்மாவின் காதிலும் விழுந்து, புரிந்துவிட்டது.

மேடையில் காலிக் கிண்ணத்தை நீட்டி, "வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று பிசகாமல் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அம்மா கொடுத்த டீயை முழுவதும் குடித்தேன். சல்மா வெளியே வரவேயில்லை. அவள்மேல் தப்பில்லை, பிள்ளைகளே. நான் எழுதியதை நானே நம்பவில்லையே.