மஞ்சள் தடவிய மாவட்டம்

“அக்கா, கல்யாணம் நின்னுபோச்சின்னு நெனச்சிக்க.”

போன வாரம் ஒரு நாள் காலையில், நான் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை... விழுப்புரத்திலிருந்து தம்பி சேகர் போனில் இப்படித்தான் ஆரம்பித்தான். அவன் மகன் தினேஷுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் திண்டிவனம். நல்ல பெண், நல்ல குடும்பம். நிச்சயம் முடிந்து, மயிலத்தில் மண்டபம் பிடித்து, முகூர்த்தப் புடவைகூட எடுத்தாயிற்று. இப்போது என்ன குடிமுழுகிப் போய்விட்டது?

“பத்திரிகைய வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன். பொண்ணோட அப்பா பேருக்குக் கீழ பாரு.”

பார்த்தேன். ஏழுமலை – செல்வி, திண்டிவனம் மாவட்டம்.

உங்களுக்கு உறைக்கிறதா? எனக்கு முதலில் உறைக்கவில்லை. அப்படி ஒரு மாவட்டமே கிடையாது! திண்டிவனம், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டம். தனி மாவட்டம் வேண்டும் என்று அங்கே பலர் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அரசாங்கம் யோசித்து முடிப்பதற்குள் சம்பந்தி அச்சடித்தே விட்டார்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சேகர் வருவாய் ஆய்வாளராக இருந்து ரிடையர் ஆனவன். மாவட்டத்துக்குள் கோட்டம், கோட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் குறுவட்டம், அதற்குள் கிராமம் — இந்த டப்பாவுக்குள் டப்பாவைச் சர்வீஸ் முழுக்கத் திறந்து மூடியவன். அவனிடம் போய் இல்லாத மாவட்டத்தை நீட்டினால் சும்மா இருப்பானா?

“கல்யாணத்தப் பதிவு பண்ணப் போனா பத்திரிகைய கேப்பாங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கினு இத நீட்டறது? அதுகூடப் போவட்டும்க்கா. ‘இன்னா சேகரு, பொண்ணு வெளி மாவட்டமா?’ன்னு நம்ம ஆளுங்களே ஓட்டறானுங்க. பொண்ணு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவரு பாகம் பிரிக்கறாரு! வேற பத்திரிகை அடிக்கச் சொல்லு. இல்லன்னா நான் மண்டபத்துக்கே வர மாட்டேன்.”

அடுத்த நிமிஷம் தினேஷிடமிருந்து மெசேஜ். ‘அத்தை, எப்படியாவது காப்பாத்துங்க.’ பாவம், பிள்ளை.

சமாதானம் பேச எங்கே உட்காருவது? சேகர் திண்டிவனம் போக மாட்டான். ஏழுமலை விழுப்புரம் வர மாட்டார். நடுவில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. அங்கே சந்தித்தால் யாரும் யாரிடமும் இறங்கி வந்ததாக ஆகாது. சென்னையிலிருந்து நான் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் இதே யோசனைதான். நான் பிறந்தது தென்னாற்காடு மாவட்டம். பிற்பாடு அதே வீடு விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. வீடு ஓர் அடி நகரவில்லை. கிணறு அங்கேயேதான் இருந்தது. விலாசம் மட்டும் எங்களைக் கேட்காமலே குடிபெயர்ந்துவிட்டது. இதற்காகவா ஒரு கல்யாணம் நிற்கும்?

கூட்டேரிப்பட்டு ஹோட்டலில் ஏழுமலையும் அவர் மனைவி செல்வியும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். ஏழுமலை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. வேகவைத்த மல்லாட்டையே ஒரு பை நிறையக் கொண்டுவந்து டேபிளில் வைத்திருந்தார். எதிரில் வந்து உட்கார்ந்த சேகர் அதைத் தொடவில்லை.

“சம்பந்தி, திண்டிவனம் மாவட்டம் எந்தப் பக்கம் இருக்குது? நானும் சர்வீஸ் முழுக்கச் சுத்தியிருக்கேன், கண்ணுல படலியே?”

ஏழுமலை கொஞ்சமும் அசரவில்லை. “வரப்போவுதுங்க. பத்திரிகைய நாளைக்குப் பேரப்புள்ளைங்க எடுத்துப் பாக்கும் இல்ல? அப்ப தப்பா இருக்கக் கூடாதேன்னு முன்கூட்டியே போட்டுட்டேன்.”

நான் காபியில் சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

“ஒரு மனு குடுக்கணும்னா விழுப்புரம் போவணும். ஒரு நாள் வேலை கெட்டுப்போவுது, பெரிய பேஜாரு. நாங்க கேக்கறது தப்பா?”

“கேளுங்க. யாரு வேணாம்னாங்க? அதுக்கு என் புள்ள கல்யாணம்தான் கெடைச்சுதா? மாத்தி அடிங்க.”

“பாதி பத்திரிகை குடுத்தாச்சு. இப்ப மாத்தினா, மாப்பிள்ளை வீடு மெரட்டிச்சின்னு ஊரு பேசும். நான் மாத்த மாட்டேங்க.”

சேகர் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அதுவரை பேசாமல் இருந்த செல்வி கணவரைப் பார்த்துத் திரும்பினார்.

“ஏங்க, பெரியவள சங்கராபுரத்துல குடுத்தோமே, குடுக்கறப்ப அது எந்த மாவட்டம்?”

“விழுப்புரம்தான்.”

“அப்புறம் கள்ளக்குறிச்சிய தனியாப் பிரிச்சாங்க. நாமளும் நல்லதுன்னுதான் சொன்னோம். பின்னாடியே கொரோனா வந்துது. அவ புள்ள பெத்தா. கேப்பை மாவும் கொழந்தைத் துணியும் எடுத்துக்கினு பைக்ல போனோமே... திருவெண்ணெய்நல்லூர் தாண்டி இன்னா ஆச்சு?”

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

“மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டாங்க. நம்மகிட்ட இல்ல. பேரன் மூஞ்சிய போன்லதான் பாத்தோம். ஊட்டுக்கு வந்து நீங்க எப்பிடி அழுதீங்க? இப்ப சின்னவளையும் வெளி மாவட்டம் ஆக்கறதுக்கு நீங்களே பத்திரிகை அடிச்சி வச்சிருக்கீங்க.”

ஏழுமலை ஒரு மல்லாட்டையை உடைத்தார். சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சேகர் தள்ளிய நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துப் போட்டான். என் தம்பி முன்கோபிதான், கல்நெஞ்சன் இல்லை.

“சம்பந்தி, அவங்க எத்தன கோடு வேணா போடட்டும். உங்க பொண்ண எல்லையில நிக்க வுட மாட்டேன். பாஸ் வாங்கறதோ, நடந்து கூட்டிக்கினு வர்றதோ... அது என் பொறுப்பு.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கை மல்லாட்டை அள்ளிக்கொண்டான்.

அப்புறம் பத்திரிகை? அதற்கும் செல்விதான் வழி கண்டுபிடித்தார். அப்படியே பத்திரிகை வைக்கவும் போகலாம் என்று கிளம்பி வந்திருந்ததால், அவர்கள் கையில் குழைத்த மஞ்சள் டப்பா இருந்தது. நாலு மூலையிலும் எப்படியும் மஞ்சள் தடவப்போகிறோம். ஐந்தாவதாக ஒரு தடவல்... ‘மாவட்டம்’ என்ற சொல்லின் மேல்!

ஏழுமலைதான் தடவினார். சொந்த விரலால், சொந்த மாவட்டத்தின் மேல். மிச்சம் இருந்தது ‘திண்டிவனம்’ மட்டும். சேகர் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப கரெக்ட்” என்றான், ஏதோ சர்டிபிகேட் கொடுப்பவன் மாதிரி. ஊருக்குக் கொடுத்துவிட்ட பத்திரிகைகள்? போகட்டும், யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

என்னைப் பஸ் ஏற்றிவிட ஏழுமலையே வந்தார்.

“அக்கா, நீங்க பத்திரிகைல எழுதறவங்க. ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. திண்டிவனம் தனி மாவட்டம் வந்தே ஆவணும்.”

மனிதர் மாறவே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஆனா விழுப்புரத்தையும் அதுல சேர்த்துடச் சொல்லுங்க.”

எழுதிவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்யவும்!