முடிச்சில்லாத சிவப்பு நூல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு உச்சி வெயிலைப் பற்றித் தெரியாது. இது பட்டப்பகலில் நடந்தது. காஞ்சிபுரத்தில், ஒலி முகம்மது பேட்டையில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜும்ஆ பயான், அதாவது வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் இளங்கோவனைப் போய்ப் பார்க்கலாம். உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் யார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

ஜாஃபர் பாய் துப்பாக்கி ரிப்பேருக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர். மாதத்துக்கு ஒரு துப்பாக்கி வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் லேத்து வேலை, பூட்டு வேலை. இளங்கோவன் அவர் பட்டறையில் ஃபிட்டர். அவன் அப்பன், ஆத்தா இருவரும் செங்கல் சூளையில் வெந்தவர்கள். இரும்பைத் தொட்ட பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு வயிறு நிறைந்தது. அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாய் வாயில் தினம் ஒரு தடவையாவது அந்தப் பெயர் வந்துவிடும்.

"முனிரத்தினம் இருந்திருந்தா ஒரே தபாவுல முடிச்சிருப்பான்பா."

முனிரத்தினம் அவனுக்கு முன்னால் அந்தப் பட்டறையில் இருந்தவன். ஒரு வெள்ளிக்கிழமை பாய் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மேல் தலையைச் சாய்த்துச் செத்துக் கிடந்தான். நெஞ்சடைப்பு. அவன் வேலை இளங்கோவனுக்கு வந்தது. அடுத்த வருஷம் அவன் பெண்டாட்டி கமலவேணியும் வந்தாள்.

தாலி கட்டியும் இளங்கோவனுக்கு நிம்மதி இல்லை. அவள் நல்லவள். பிள்ளையார்பாளையத்தில் தறி தறியாகப் போய்ப் பாவு இணைப்பாள். தீர்ந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு, முடிச்சே போடாமல் திரித்துச் சேர்க்கிற வேலை. சம்பாதித்ததை வீட்டில்தான் போடுவாள். ஆனால் அவனை 'வாங்க', 'போங்க' என்பாள். செத்தவனை 'மாமா' என்று கூப்பிட்டாளாம். தெருவே சொல்லும். இவனுக்குக் கிடைத்தது மரியாதை. அவனுக்குக் கிடைத்தது உரிமை. அந்த ஒரு சொல்லுக்காக இளங்கோவன் இரண்டு வருஷமாய் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை அந்த ரைஃபிள் வந்தது.

கொண்டுவந்தவன் தேவேந்திரன். முசரவாக்கம் போகிற வழியில் ஒரு பட்டு நூல் குடோனுக்குக் காவலாளி. வெள்ளைக்காரன் காலத்து ராணுவத் துப்பாக்கி, போல்ட் இழுத்துச் சுடுவது. பிற்பாடு குழாயை மாற்றி லைசென்ஸுக்கு ஏற்றதாக ஆக்கியிருந்தார்கள்.

"சேஃப்டி போட்டா நிக்குதுபா. தோளுல மாட்டினா டக்குனு சத்தம் வருது."

"எத்தினி நாளா?"

"முனிரத்தினம் பாத்துக் குடுத்ததுலேர்ந்தே. தோட்டாவே வாங்கல, வெறும் துப்பாக்கியத்தான் மாட்டிக்கினு நின்னேன். இப்ப புது மேனேஜரு தோட்டா வாங்கிக் குடுத்துட்டாரு. அதான் பயமாக்கீது." கிளம்பும்போது திரும்பிக் கேட்டான். "கமலா நல்லா இருக்குதா?"

கமலாவாம். இளங்கோவன் ரைஃபிளை இழுத்துப் பலகைமேல் போட்டான்.

வெறும் துப்பாக்கிதானா என்று தோட்டா அறையைத் திறந்து பார்த்துக்கொண்டான். போல்ட்டை ஏற்றி, சேஃப்டியைப் பின்னால் தள்ளி, கட்டையின் அடிப்பாகத்தைப் பலகையில் ஒரு தட்டு தட்டினான்.

டக்.

தோட்டாவை அடிக்கிற ஊசி, பூட்டியிருக்க வேண்டியது, விழுந்துவிட்டது. பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. சேஃப்டி நெம்புகோல் ஒரு திருகு மரை வழியாக உள்ளே இருக்கும் பூட்டுத் துண்டோடு சேரும். அந்த மரைக்குத் தொடக்கம் பல. எதில் வைத்துத் திருகினாலும் ஏறிக்கொள்ளும். சரியான தொடக்கம் ஒன்றுதான். இது ஒன்று தள்ளி ஏற்றப்பட்டிருந்தது. வெளியே பார்த்தால் பூட்டிய மாதிரி நிற்கும். உள்ளே பூட்டுத் துண்டு பள்ளத்தின் விளிம்பில் நகக்கண் அளவுதான் தொட்டுக்கொண்டிருக்கும்.

அவனுக்கு அன்று தீபாவளி.

"பாய், இங்க வா. உங்க முனிரத்தினம் போட்ட மரையைப் பாரு. கத்துக்குட்டிகூட இப்படிப் போட மாட்டான்."

பாய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"அவன் தப்பே பண்ண மாட்டான்பா."

"பண்ணிக்கீறான், பாரு."

"இல்லபா... பண்ண மாட்டான்."

சரியாக ஏற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, ஐம்பது தட்டு தட்டிப் பார்த்தான். ஊசி விழவில்லை. சோதித்து முடித்த துப்பாக்கியின் விசைக்காப்பு வளையத்தில் சிவப்புப் பட்டு நூல் ஒன்றைக் கட்டுவது அந்தப் பட்டறை வழக்கம். நூல் இருந்தால் பாய் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதுவும் செத்தவன் ஆரம்பித்துவைத்ததுதான். அதனாலேயே இளங்கோவன் உடனே கட்டவில்லை. காலையில் பாய் கண்ணெதிரே தட்டிக் காட்டிவிட்டுக் கட்டலாம் என்று விட்டான்.

காலையில் பாய் எதிரே தட்டினான்.

டக்.

பிரித்தான். மரை ஒன்று தள்ளியிருந்தது.

பாய் கண்ணாடியை இறக்கிவிட்டு லேத்துப் பக்கம் போய்விட்டார். அதுதான் அவனுக்கு வலித்தது. மறுபடி சரிசெய்தான். மறுநாளும் அதே கதை. இந்தத் தடவை இன்னொன்றும் கண்ணில் பட்டது. வைஸுக்கு வலப்பக்கம் அவன் அடுக்கி வைத்திருந்த அரம், திருப்புளி எல்லாம் இடப்பக்கம் இருந்தன. பிடி பிடியாக, வரிசை கலையாமல்.

பாய்தான் செய்கிறார் என்று முடிவு கட்டினான். செத்தவன் பேரைக் காப்பாற்றப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை பாய் பள்ளிவாசலுக்குப் போகட்டும். அந்த நேரத்தில் வேலையை முடித்து, துப்பாக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அவர் கையிலேயே கொடுத்துத் தட்டச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை. பாய் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். இளங்கோவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மரையைச் சரியாக ஏற்றினான். தட்டினான். விழவில்லை. துப்பாக்கியை வைஸில் பிடித்து, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

ஒலிபெருக்கியில் பயான் ஆரம்பித்தது.

கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. பின்தெருத் தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான்.

சர்ர்... சர்ர்...

அரம் ஓடுகிற சத்தம்.

மூச்சைப் பிடித்தான். சத்தம் நின்றது.

மூச்சை விட்டான்.

சர்ர்... சர்ர்...

மிக அருகில். அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே.

சாம்பல் வாசனை அடித்தது... அடுப்புச் சாம்பல் இல்லை. பாவு இணைக்கிறவர்கள் விரலில் தொட்டுக்கொள்கிற சலித்த சாம்பல்.

துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கக்கூட இல்லை...

"தூங்கிட்டியாபா?"

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு பாய் நின்றார். தொழுகை முடிந்து தெருவெல்லாம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பயான் இப்போதுதானே ஆரம்பித்தது?

பாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனதும் ரைஃபிளை வைஸிலிருந்து எடுத்துத் தட்டினான்.

டக்.

விசைக்காப்பு வளையத்தில் சிவப்பு நூல். முடிச்சு இல்லை. சாம்பல் தொட்டுத் திரித்து இணைத்திருந்தது.

அப்படி இணைக்கத் தெரிந்த ஒருத்தியைத்தான் அவனுக்குத் தெரியும். பயம் போய் ரத்தம் தலைக்கு ஏறியது. அவன் கண்ணயர்ந்த நேரத்தில் வந்திருக்கிறாள். பழைய புருஷன் பேர் கெட்டுவிடக் கூடாது என்று வந்திருக்கிறாள். நூலை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாயிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வண்டியை விட்டான்.

கமலவேணி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நூலை அவள் முன்னால் எறிந்தான்.

"பட்டறைக்கு எதுக்கு வந்தே?"

"நான் எங்க வந்தேன்? காலையிலேர்ந்து பாவுல உக்காந்துக்கினு இருந்தேன். போய்க் கேளுங்க."

நூலை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள். ஒரு பக்கம் உருட்டினால் இறுகியது. மறுபக்கம் உருட்டினால் பிரிந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என் கை இல்லீங்க. நான் திரிச்சா இந்தப் பக்கம் பிரியும். இது எதிர்ப்பக்கம் பிரியுது. பீச்சாங்கையில திரிச்ச நூலு."

"யாரு அது பீச்சாங்கை?"

அவள் நூலை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அவருதான். நான்தான் திரிக்கக் கத்துக் குடுத்தேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். "தேவேந்திரனும் நானும் ஒரே தெருவுல வளந்தோம். அவ்ளோதான். அவருக்கு அது பொறுக்கல. சாவுறதுக்கு முந்தின ராத்திரி சிரிச்சிக்கினே சொன்னாரு. அவன் துப்பாக்கியில ஒரு வேலை வச்சிக்கீறேன், தோட்டா போட்டுத் தோளுல மாட்டுனா போதும்னு. குடிச்சிட்டுப் பேசுறாருன்னு விட்டுட்டேன். மறுநாளே போயிட்டாரு. செத்தவரு பேரக் கெடுப்பானேன்னு யாருக்கும் சொல்லல."

பாய் சொன்னது சரிதான். முனிரத்தினம் தப்புப் பண்ணவே இல்லை.

இளங்கோவன் பாய்க்குப் போன் போட்டான். "பாய், அந்த ரைஃபிள யாருக்கும் குடுத்துடாத."

"இப்பத்தான தேவேந்திரன் வந்து வாங்கினு போனான். நீதான் நூலு கட்டி வச்சிருந்தியேபா."

நூல் கமலவேணியின் விரலில் இருந்தது.

தேவேந்திரன் போனை எடுக்கவில்லை. இளங்கோவன் வெயிலில் வண்டியை விரட்டினான். குடோன் வாசலில் தேவேந்திரன் நின்றிருந்தான். ரைஃபிள் கட்டை தரையில் ஊன்றியிருந்தது. குழாய் அவன் கன்னத்துக்கு நேராக. வளையத்தில் புதுச் சிவப்பு நூல். இவனைப் பார்த்துச் சிரித்தான்.

"தோட்டா போட்டாச்சுபா. சேஃப்டியும் போட்டுட்டேன்."

தோள் வாரைப் பிடித்துத் தூக்கப் போனான்.

இளங்கோவன் வாயைத் திறந்தான். பேசாம இரு என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அவன் தூக்கட்டும். கமலான்னு கூப்பிட்ட வாய்தானே. ஒரு நொடி போதும்...

அது தன் நினைப்புதானா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பாய்ந்து குழாயைத் தட்டிவிட்டான். கட்டை சிமென்ட் தரையில் இடித்தது. இந்தத் தடவை 'டக்' இல்லை. தகரக் கூரையில் விரல் நுழையும் ஓட்டை விழுந்தது. புறாக்கள் கலைந்தன. தேவேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "உன் காலுல உழுறேன்பா" என்றான். இளங்கோவன் போல்ட்டை முழுசாக உருவித் தன்னோடு எடுத்துக்கொண்டான்.

போலீஸ், விசாரணை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது இருட்டியிருந்தது. உடம்பு அசதி. மனசு மட்டும் லேசாக இருந்தது. செத்தவனை ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. கமலவேணி தட்டைப் போட்டு, காரக்குழம்பு ஊற்றினாள். பசியில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்.

அவள் கரண்டியோடு அசையாமல் நின்றாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிப் பாக்குறே?"

"திங்கக்கிழமையிலேர்ந்தே பாக்குறேன்... கேக்கப் பயமா இருந்துச்சு." குரல் காற்றாக வந்தது. "எந்தக் கையில சாப்புட்ற, மாமா?"

இரண்டு வருஷம் ஏங்கிய சொல். அவன் குனிந்து பார்த்தான்.

வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஒரு பருக்கை ஒட்டவில்லை.

இடது கையின் நகக்கண்களில் சாம்பல்.

நிறுத்து என்று அந்தக் கையிடம் மனசுக்குள் சொன்னான்.

அது நிதானமாக அடுத்த கவளத்தை உருட்டியது...