ஆற்றோரத்துக்காரர்

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜெயிலில். ஆபீஸ் வேலைதான். கோர்ட்டிலிருந்து ரிமாண்டாகி வருகிறவர்களின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன். பெயர், தகப்பனார் பெயர், உடம்பில் மச்சம், கடைசியில் எந்த நாட்டவர் என்று ஒரு கட்டம். பதினோரு வருஷமாக அதில் ‘இந்தியர்’ என்றே எழுதி எழுதி, அப்படி ஒரு கேள்வி இருப்பதையே மறந்திருந்தேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம், நூல் மில்லில் வேலை பார்க்கும் வடக்கத்திக்காரர் ஒருவரை ஏட்டு கூட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மில் குடியிருப்பில், தண்ணீர்க் குழாயடியில் சண்டை. இவர் வாளியை வீசியதில் இன்னொருவருக்கு நெற்றி கிழிந்துவிட்டது. இவருடைய செல்போனும் நொறுங்கிவிட்டது. ஆதார் அட்டையின் படம் அதற்குள்தான் இருந்ததாம்.

“எந்த நாடுன்னு எழுத, ஏட்டய்யா?”

“பங்களாதேஷ்னு போட்டுக்கங்கம்மா. நாலு தடவ கேட்டோம், நாலு தடவையும் அதத்தான் சொன்னான்.”

எழுதினேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தன்னைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று புரிந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வெளிநாட்டவர் என்றால், அவர்களைக் கவனிக்கும் போலீஸ் பிரிவுக்குத் தனியாக ஒரு கடிதம் போக வேண்டும். போய்விட்டால், ஜாமீன் கிடைத்தாலும் வீட்டுக்கு விட மாட்டார்கள், முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கடிதத்தைத் தயார் பண்ணச் சொன்னார் எங்கள் கண்காணிப்பாளர். அதற்குச் சொந்த ஊர் வேண்டும். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கையை நெளித்து நெளித்துத் தண்ணீர் ஓடுவதைக் காட்டினார். ஆறு என்று புரிந்தது. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு நகரவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் நாங்கள் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர், தோல் வியாபாரி. வயசுக் காலத்தில் பன்னிரண்டு வருஷம் கல்கத்தாவில் இருந்தவர். அந்தக் கதையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று நானே பல நாள் படியில் வேகமாக ஏறியிருக்கிறேன். அன்றைக்கு நானாகப் போய் நின்றேன்.

“பாய், உங்களுக்கு பெங்காலி இன்னும் ஞாபகம் இருக்கா?”

“என்னம்மா இப்புடிக் கேட்டுட்ட? சண்டையே போடுவேன் பெங்காலியில.”

விஷயத்தைச் சொன்னதும், “நாளைக்கே வாரேன்” என்றார். கண்காணிப்பாளரும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் சலவைச் சட்டை, தொப்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆபீஸிலேயே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தோம். பாய் முதல் வார்த்தை பேசினாரோ இல்லையோ, அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு மளமளவென்று பேச ஆரம்பித்தார். செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்த பாய், திடீரென்று சிரித்தார்.

“ஏம்மா, அந்தப் பக்கத்து ஆளுக மேற்கு வங்காளத்தப் பங்களாம்பாக, சொந்த ஊரத் தேஷ்னுதான் சொல்லுவாக. எங்க மாநிலம் பங்களா, என் தேஷ் அங்கிட்டு இருக்குன்னு இவரு சொல்லியிருக்காரு. நீங்க ரெண்டையும் ஒட்டி வச்சு ஆள நாடு கடத்தப் பாத்தீக!”

எனக்கு முகம் சுட்டது. கண்காணிப்பாளர், “அப்ப பேச்ச வச்சே இந்தியர்னு சொல்லிரலாமா, பாய்?” என்று கேட்டார்.

“அது முடியாது சார். இவரு ஊரு ஆத்துக்கு அந்தக் கரை பங்களாதேஷ், அங்கயும் இதே பேச்சுதான். கையில காயிதம் வேணும்.”

வீட்டு ஆட்களின் போன் நம்பர் எதுவும் அந்த மனிதருக்கு மனப்பாடமில்லை. எல்லாம் போனோடு போயிற்று. பாய் விடாமல் துருவினார். கடைசியில் ஒரு நம்பர் வந்தது. ஊரில் அவர் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் பெரிது பெரிதாகத் தன் நம்பரை எழுதி வைத்திருக்கிறாராம். ஊரில் இருக்கும்போது தினமும் இவர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டேதான் பல் துலக்குவாராம். கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணையும் சொன்னார்.

ஆபீஸ் போனில் அடித்தோம். மிட்டாய்க் கடைக்காரர் எடுத்து, தெருவைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். சற்றுப் பொறுத்து ஒரு பெண் குரல் வந்தது. இவருடைய மனைவி. பாய் நடந்ததைச் சொன்னதும் முதலில் அழுதார். அப்புறம் மூச்சு விடாமல் ஏதோ பேசினார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன பாய் சொல்லுது அந்தப் பிள்ள?”

“வையுதும்மா. வாளியத் தூக்கி எறிஞ்சதுக்கு. அத நான் தமிழ்ல சொல்ல முடியாது.”

சாயங்காலத்துக்குள் ஓட்டர் அட்டை, ரேஷன் அட்டை, அவர் படித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் எல்லாம் படமாக வந்து சேர்ந்தன. கண்காணிப்பாளர் முதல் கடிதத்தை அனுப்பவில்லை. இந்தக் காகிதங்களைச் சரிபார்க்கச் சொல்லி வேறு கடிதம் போனது. அவருடைய ஊர் போலீசிலிருந்து பதில் வர பன்னிரண்டு நாளாயிற்று. அதுவரை தினமும் காலையில், தபால் வந்ததா என்று அவர் கண்ணாலேயே கேட்பார். நான் கையை விரிப்பேன்.

பதில் வந்த அன்று பதிவேட்டில் நான் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘இந்தியர்’ என்று எழுதிக் கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கினேன். அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்திருந்தது. இப்போதெல்லாம் அந்தக் கட்டத்துக்கு வந்தால், பேனாவை வைத்துவிட்டு எதிரே நிற்பவரிடம் நானே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

மில் மேஸ்திரி ஜாமீன் கொடுத்தார். நெற்றி கிழிந்தவரும் சமாதானமாகிவிட்டதாக ஏட்டு சொன்னார்.

வெளியே வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கையில் ஒரு கட்லா மீனோடு வந்து, அடுப்படியில் நின்று, கடுகை அரைத்து அவரே குழம்பு வைத்தார். “கடுக யாராச்சும் மீனுல அரச்சு ஊத்துவாகளா?” என்று பாய் வீட்டம்மா வாசலில் நின்று என்னிடம் முறையிட்டார்கள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் மாடிக்கு வந்தது. மூக்கில் ஏறியது, எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கீழே பாயும் அவரும் பெங்காலியில் போட்ட சத்தம் சாயங்காலம் வரை ஓயவில்லை.