மூன்று லிட்டர் பாலும் இரண்டு லைப்ரரியும்

"சைபரா? என் பாலு சைபரா?"

போன வாரம் ஒரு காலையில், பால் ஊற்ற வந்த அஞ்சலை போட்ட சத்தத்தில், அந்தப் பால் சொசைட்டி வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது. பார்க்காமல்? அங்கே கம்ப்யூட்டர் வைத்தவன் நான்தானே!

லாஸ்பேட்டையில் ஒரு குட்டி சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் வேலை கிடைத்தது. வேலை என்ன? பாலைத் தராசில் வைப்பார்கள். தராசிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள். அதில் வரும் எடையைப் படித்து, லிட்டராக மாற்றி, ஒரு சீட்டு அச்சடிக்க வேண்டும். சரியாக வந்தால் சுற்றுப்பட்டு சொசைட்டிகள் எல்லாம் நம்மிடம் வரும். வராவிட்டால், "இந்தப் பொட்டிய நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்க சார்" என்று செயலாளர் தனசேகர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு எண்ணைப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்!

இதையெல்லாம் யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. கருவிகளோடு பேசுவதற்கென்றே யாராவது ஏற்கெனவே எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம்கள் உண்டு. அதற்கு லைப்ரரி என்று பெயர். பெரிதும் கிடைக்கும், சிறிதும் கிடைக்கும். வம்பே அங்கேதான்.

எங்கள் புரோகிராமர் அந்துவான் பெரிய லைப்ரரிக் கட்சி. அப்பா பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன்காரர். எதை வாங்கினாலும் உயர்ந்ததாக வாங்க வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். ஒரு முழு சிடி நிறைய லைப்ரரியோடு வந்தான்.

"சார், இதுல இல்லாததே கெடயாது. பார்கோடு படிக்கும், மோடம் பேசும், கைரேகை பாக்கும்..."

"முசியே," என்று அவன் வீட்டு பிரெஞ்சிலேயே கூப்பிட்டேன், "நமக்குத் தராசு மட்டும் போதுமே?"

"நாளைக்குத் தேவப்படும் சார்!"

இந்த 'நாளைக்குத் தேவைப்படும்' இருக்கிறதே... நம் வீட்டுப் பரண் எல்லாம் நிரம்பியிருப்பது இதனால்தானே? தெரிந்தும் தலையாட்டினேன்.

அஞ்சலை சத்தம் போட்ட அன்று காலையில், அவள் பாலை ஊற்றும்போது கரண்ட் போய் உடனே வந்தது. தராசுக்குள் பாட்டரி உண்டு, கம்ப்யூட்டருக்கு இல்லை. அது அணைந்து, முக்கி முனகி எழுந்தது. கூடவே எழுந்த பெரிய லைப்ரரி, எழுந்ததும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? இணைத்திருக்கும் கருவியை எல்லாம் ரீசெட் செய்தது. அது அதற்கு ஒரு கூடுதல் வசதியாம்! தராசு சமர்த்தாகப் பூஜ்யத்துக்குப் போய்விட்டது, மேலே பால் இருக்கும்போதே.

பின்னால் வரிசை நெருக்க, தனசேகர் சீட்டைப் பார்க்காமல் பாலைப் பெரிய கேனில் கவிழ்த்துவிட்டார். ஊர்ப் பாலோடு கலந்த பாலை எப்படித் திரும்ப அளப்பது?

"இன்னா சேகரு, விடிகாலைல எழுந்து நான் வெறும் காத்தையா கறந்தேன்?" என்று கேட்டாள் அஞ்சலை. ஒற்றை மாடு வைத்திருப்பவள்.

அந்துவானின் சிடியைத் தூக்கிக் கடாசினேன். நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாக வைத்திருந்த குட்டி லைப்ரரி ஒன்றை நானே எடுத்துப் போட்டேன். ஒரு ஃப்ளாப்பியில் கால்வாசிகூட வராது. ரீசெட் கிடையாது, ஒரு ஆர்ப்பாட்டமும் கிடையாது. எண்ணைப் படிக்கும், கொடுக்கும். அந்துவானைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன்.

மறுநாளே தனசேகரிடமிருந்து போன். "சார், உடனே வாங்க."

மூலக்குளத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். வரிசையில் எல்லார் கையிலும் சீட்டு. எல்லாச் சீட்டிலும் ஆறரை லிட்டர்! நாலு எருமை வைத்திருக்கிறவர் குதிக்கிறார். ஒரு செம்புப் பால் கொண்டுவந்தவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நழுவுகிறார்.

கேபிள் லூஸ். புதிதாக எடை எதுவும் வரவில்லை. குட்டி லைப்ரரி என்ன செய்தது? கடைசியாகப் படித்த எண்ணையே எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்திருக்கிறது. அடப்பாவி!

அஞ்சலை என் முன்னால் வந்து நின்றாள். "மூணு லிட்டர் ஊத்துனேன் சார். அன்னிக்கு சைபர், இன்னிக்கு ஆறரை. இன்னிக்குக் குடுத்துட்டு நாளைக்குப் புடிச்சுக்குவீங்களா? என் மாடு அப்படியேதான் கீது. உங்க பொட்டிக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

தனசேகர் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி என் கையில் திணித்தார். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் தவணை வாங்கினேன்.

யோசித்துப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பெரியது, கேட்காத வேலையைச் செய்கிறது. சின்னது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறது. எந்த ஆபீசிலும் பார்க்கிற இரண்டு ஆட்கள்தானே இவர்கள்?

நானும் அந்துவானும் உட்கார்ந்தோம். குட்டி லைப்ரரியையே வைத்துக்கொண்டு, புது எடை வராவிட்டால் சீட்டு அடிக்காதே, திரையில் உண்மையைச் சொல் என்று அதன் தலையில் எழுதினோம்.

நேற்று சொசைட்டியில் நின்றுகொண்டிருந்தேன். அஞ்சலையின் முறை வரும்போதா கேபிள் மறுபடி லூசாக வேண்டும்? திரையில் வந்தது: 'எடை தெரியவில்லை. கேபிளைப் பார்க்கவும்.' தனசேகர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, பாலைத் தொடாமல் கேபிளை அழுத்தினார். மூன்று லிட்டர் என்று சீட்டு வந்தது.

அஞ்சலை சீட்டை வாங்கிக்கொண்டாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுதே. அப்ப இருக்கட்டும் சேகரு, இந்தப் பொட்டி."

'எடை தெரியவில்லை' என்ற அந்த ஒற்றை வரியைச் சொல்ல வைக்க, ஒரு சிடி நிறைய எழுதியவனுக்கும் தோன்றவில்லை, கால் ஃப்ளாப்பிக்குள் எழுதியவனுக்கும் தோன்றவில்லை!